கேள்வி இல்லாத ரவுண்ட்ஸ்

அமுதவாணனின் முதல் ஆய்வுக் கட்டுரை மருத்துவ ஜர்னலிலிருந்து திரும்பி வந்தது. கூடவே, பெயர் சொல்லாத மதிப்பாய்வாளர்களின் கேள்விகள். கட்டுரையைவிடக் கேள்விகள்தான் நீளம். மேல்படிப்பில் அவனுக்கு இது கடைசி வருடம். கட்டுரை வெளிவராமல் தேர்வு எழுத முடியாது. மனுஷனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பேராசிரியை ரெஜினா ஜெபமணியிடம் போய்ப் புலம்பினான். வேறொரு ஜர்னல் இருக்கிறதாம். பணம் கட்டினால் அதே வாரம் போட்டுவிடுவார்களாம்.

"அங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, மேடம். அனுப்பிரட்டுமா?"

"நாளைக்கு ரவுண்ட்ஸ் முடியட்டும், சொல்லுதேன்."

ரெஜினா கட்டில் கட்டிலாக நோயாளிகளைப் பார்த்து வரும் ரவுண்ட்ஸ் என்றாலே, மாணவர்கள் முந்தின ராத்திரியே புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். நோயாளி இருமினால், ஏன் இப்போது இருமினார் என்று கேட்கிற ஆள் அவர். மறுநாள் வார்டில், காய்ச்சலோடு சேர்ந்திருந்த செல்லக்கனி என்ற பெண்ணைப் பற்றி அமுதவாணன் சொன்னான். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, வைரஸ் காய்ச்சலாகத்தான் இருக்கும் என்றான்.

"சரி," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அங்கேயும் கேள்வி இல்லை.

முதலில் அவனுக்குக் குளுகுளுவென்று இருந்தது. ஆனால் கேன்டீனில் டீ ருசிக்கவில்லை. கேட்டிருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று மனசு குடைந்தது. பாதி டீயில் எழுந்து வந்து, நர்ஸைத் துணைக்கு வைத்துக்கொண்டு, செல்லக்கனியைத் தலை முதல் கால் வரை மறுபடி பார்த்தான்.

அக்குளில், சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு. பூச்சி கடித்த தடம். இது உண்ணிக் காய்ச்சல். இதற்கு மருந்தே வேறு.

பதறிப்போய் கேஸ் ஷீட்டைப் புரட்டினான். அந்த மருந்து ஏற்கெனவே எழுதியிருந்தது. ரவுண்ட்ஸுக்கு முன்பே மேடம் தனியாக வந்து பார்த்ததாகவும், முதல் மாத்திரை கொடுத்தாகிவிட்டதாகவும் நர்ஸ் சொன்னார். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

நேரே அவர் அறைக்குப் போனான்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும். ஏன் மேடம் என்னை ஒண்ணுமே கேக்கல?"

ரெஜினா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"யாரும் ஒண்ணும் கேக்காத இடம் எப்படி இருக்கும்னு, அனுப்புறதுக்கு முன்னாடி நீ பாத்துக்கிட வேண்டாமாப்பா?"