மடிக்கணினிக்குப் பிணை நின்றவள்

இந்தக் கதையை முழுவதும் கேட்ட பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். பாதியில் தலையாட்டுகிறவர்களால்தான் இதில் வரும் பெண்ணுக்கு அநியாயம் நடந்தது.

தென்காசியில் சந்தனக்குமார் என்பவர் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ ஒன்றை நடத்திவந்தார். அவருக்குத் துணை, தம்பி மாரிச்செல்வம். எடுத்த காட்சிகளை வெட்டிக் கோத்துப் படமாக்கித் தருபவள் பேச்சிராணி. ஒன்பது ஆண்டுகளாக அங்கே வேலை செய்துவந்தாள். காலையில் தாலி கட்டியதை அன்று மாலை வரவேற்பிலேயே பெரிய திரையில் பார்த்துவிட வேண்டும் என்று கல்யாண வீட்டார் இப்போதெல்லாம் கேட்கிறார்கள். ஸ்டுடியோவின் பழைய கணினி அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

பேச்சிராணி கடைக்குப் போய், ஒரே காட்சிகளை இரண்டு மடிக்கணினிகளில் போட்டுச் சோதித்தாள். ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய்க் கருவி அவற்றை ஒரே படமாக்கி முடிக்க மூன்று மணி நேரம் எடுத்தது. கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடுவோருக்கென்று செய்த, ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க் கருவி ஐம்பது நிமிடத்தில் முடித்தது. கடைக்காரர் ஒன்றை மறைக்காமல் சொன்னார்: சார்ஜர் செருகியிருந்தால்தான் இந்த வேகம், பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அதை அவள் சகோதரர் இருவரிடமும் அப்படியே சொன்னாள்.

மாரிச்செல்வம் சிரித்தான். "வெளையாட்டுப் பயலுவ வாங்குத சாமானம்ண்ணே அது. கோயில் கொடைக்குச் சீரியல் செட்டு போட்ட மாதிரி கீபோர்டெல்லாம் லைட்டு எரியுது. அதுக்கா அறுபத்தஞ்சாயிரம் கூடக் குடுக்கணும்?"

"கூடக் குடுக்கது லைட்டுக்கு இல்ல, வேகத்துக்கு. மொதக் கல்யாணத்துலயே படம் நேரத்துக்கு வரலைன்னா நான் வேலைய விட்டுட்டுப் போயிருதேன் அண்ணாச்சி," என்றாள் பேச்சிராணி.

"பொறவு மாத்திப் பேசக் கூடாது," என்றார் சந்தனக்குமார். வாங்கினார்கள்.

முதல் கல்யாணம் வந்தது. மணமக்கள் மாலை ஆறரைக்கு மேடை ஏறுவார்கள். அதன் பிறகு திரை அவர்களுக்கு உரியது. ஆகவே காலைப் படத்தை ஆறேகாலுக்கே ஓட்டிவிட வேண்டும். மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். ஐந்து மணிக்குப் பேச்சிராணி காட்சிகளைக் கோத்து முடித்து, படமாக்கும் வேலையைக் கருவியில் ஓடவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துச் சந்தனக்குமார் வந்தார். மணப்பெண் அலங்கரித்துக்கொள்ளும் அறைக்குள் ஆண்களை விடவில்லை. கேமராவோடு அவள்தான் போக வேண்டும்.

"இது முடியட்டும் அண்ணாச்சி."

"மாரி பாத்துக்கிடுவான். நீ வா."

அவள் மாரிச்செல்வத்திடம் சார்ஜர் வயரைக் காட்டி, "இத மட்டும் தொட்டுராதீங்கண்ணே," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்து நிமிடத்தில் மேடை அலங்காரக்காரர் சுடலைமணி வந்தார். பூ வளைவின் விளக்குகளுக்கு மின்சாரம் வேண்டும். அருகில் வேறு இடமில்லை. "இதக் கழட்டிக்கிடட்டுமா தம்பி?" என்று கேட்டார். மாரிச்செல்வம் கருவியை ஒரு பார்வை பார்த்தான். "கழட்டிக்கோரும். பேட்டரியில ஓடும்," என்றான். ஓடவும் செய்தது. கீபோர்டின் விளக்குகள் முன்போலவே மின்னிக்கொண்டிருந்தன. வேகம் விழுந்தது மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. அவன் கைப்பேசியில் மூழ்கிவிட்டான். ஆறு பத்துக்குப் பேட்டரி தீர்ந்து கருவி அணைந்தது. அதுவரை ஓடிய வேலை அத்தனையும் வீண். முதலிலிருந்து தொடங்க நேரமில்லை.

ஐந்நூறு பேர் எதிரில் திரை கறுப்பாக நின்றது. மணப்பெண்ணின் தகப்பனார் அறைக்கே வந்துவிட்டார். "காலையில வர முடியலைன்னு, இதப் பாக்கதுக்குன்னே எங்கக்கா ஆஸ்பத்திரியில இருந்து வந்து உக்காந்திருக்கா. எங்கவே படம்?"

அவர் போனதும், அலங்கார அறையிலிருந்து அப்போதுதான் திரும்பிய பேச்சிராணியைப் பார்த்துச் சந்தனக்குமார் கத்தினார். "ஒரு லெச்சத்து இருவதாயிரம்! ஒரு படத்த முடிக்கத் துப்பில்ல. அன்னைக்கு நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?"

பேச்சிராணி குனிந்து, தரையில் கிடந்த சார்ஜர் வயரை எடுத்துக் காட்டினாள். "இத யாரு கழட்டுனா?"

"நாந்தான் கழட்டச் சொன்னேன்," என்றான் மாரிச்செல்வம். வெட்கம் என்பது அவன் முகத்தில் இல்லை. "எங்கேயும் தூக்கிட்டுப் போயி வேலை பாக்கத்தானே லேப்டாப்பு? செவத்தோட கட்டிப்போட்டாத்தான் ஓடும்னா, பாதி வெலைக்குப் பெட்டிக் கம்ப்யூட்டரே வாங்கியிருக்கலாம்லா? வெலைக்குத் தகாதுன்னு நான் சொன்னது சரியாப் போச்சா இல்லையா?"

சந்தனக்குமார் சொன்னார்: "வயரு இருந்தா, இல்லாட்டின்னெல்லாம் நீ வாக்குக் குடுக்கல பேச்சி. நேரத்துக்கு வரலைன்னா போயிருதேன்னு சொன்ன. வாக்குன்னா வாக்குதான்."

"லேப்டாப்பு தோக்கல அண்ணாச்சி, தோக்க வச்சாங்க," என்றாள் பேச்சிராணி. "அது தோக்காதப்ப நான் எதுக்குப் போகணும்?"

இப்போது சொல்லுங்கள். இம்மூவரில் யார் பேச்சு நியாயம்? அந்த மடிக்கணினி தன் விலைக்குத் தகுமா? பேச்சிராணி வேலையை விட்டுப் போகத்தான் வேண்டுமா?

விடை: மாரிச்செல்வத்தின் வாதம் கெட்டிக்கார வாதம், ஆனால் அதைச் சொல்ல வேண்டிய நேரம் வாங்குவதற்கு முன்பு. சார்ஜர் இன்றி வேகம் வராது என்று கேட்டுக்கொண்டுதான் சகோதரர் இருவரும் வாங்கினார்கள். தெரிந்து வாங்கிய குறையைத் தானே வரவழைத்துவிட்டு, பழியைப் பொருளின் மேல் போடுவது கயமை. வயரைத் தொடாமல் இருந்தால் படம் ஐந்து ஐம்பதுக்கு முடிந்திருக்கும். மலிவான கருவியில் எட்டு மணி ஆகியிருக்கும். ஆகவே விலை தகும். சந்தனக்குமாரோ, காவல் இருந்தவளைத் தாமே அழைத்துப் போனவர். அந்தக் கணமே அவளுடைய வாக்கின் பொறுப்பு அவரிடம் வந்துவிட்டது. பேச்சிராணியின் பேச்சே நியாயம். ஒரு பொருளுக்காகத் தன் பிழைப்பைப் பிணை வைத்தது ஒன்றுதான் அவள் செய்த பிழை. அவள் போக வேண்டியதில்லை. ஆயினும் மறுநாள் காலையில் வேலையை விட்டாள். "சரி, அந்த வாக்க விட்டுத் தள்ளு, நீ இரு," என்று சந்தனக்குமார் இறங்கி வந்தபோது அவள் சொன்னாள்: "வாக்குக்காகப் போகல அண்ணாச்சி. வயரு தரையில கெடந்ததப் பாத்த பொறவும் நீங்க என்னையத்தான் குத்தம் சொன்னீங்க."