கெவேயின் விறகு

குர்து மலைகளில் ஆசிரியரை 'செய்தா' என்று கூப்பிடுவார்கள். இந்த ஊர் செய்தாவின் பெயர் யூனுஸ். வயது முப்பத்தெட்டு. அவரிடம் பாடம் கேட்ட ரஷோவுக்கு நாற்பத்தாறு. மாணவன் மூத்தவனாக இருப்பதைப் பார்த்து ஊரில் சிலர் சிரித்தார்கள். ரஷோ அதைக் கண்டுகொள்ளவில்லை. அவன் மனதில் வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் நவ்ரோஸ். வசந்தத்தின் முதல் நாள், புது வருஷம். அதற்கு முந்தின நாள் அந்தி சாயும்போது மலைமேட்டில் பெரிய நெருப்பு ஏற்றுவது வழக்கம். வீட்டுக்கு ஒரு கட்டு விறகு வாங்கி மேலே அடுக்குவதும், தீ வைப்பதும் தலைமுறை தலைமுறையாக ரஷோ வீட்டுப் பொறுப்பு.

செய்தா பள்ளியின் கூரைமேல் நின்றிருந்தார். பனி உருகி இளகின மண்கூரையைக் கல் உருளையால் உருட்டி இறுக்கிக்கொண்டிருந்தார். ரஷோ தோளில் ஒரே ஒரு விறகுக்கட்டுடன் வாசலில் வந்து நின்றான்.

“மேட்டுக்குப் போகலையா அண்ணா?”

“போகணும்.”

“எல்லார் வீட்டுலேயும் வாங்கியாச்சா?”

“வாங்கியாச்சு. இதுதான் கடைசிக் கட்டு.”

“யார் வீட்டுது?”

ரஷோ கட்டைக் கீழே வைக்கவில்லை. “கெவே அக்கா வீட்டுது” என்றான்.

உருளை நின்றது. செய்தா ஏணி வழியாக இறங்கி வந்தார்.

கெவே ஒரு விதவை. அவளுக்கு ஒரே மகன், பிரோ. போன வருஷம் குளிர்காலத்தில் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கச் சிப்பாய்கள் வந்தார்கள். பிரோவும் இன்னும் நான்கு இளைஞர்களும் மேல்குகையில் போய் ஒளிந்துகொண்டார்கள். சிப்பாய்கள் ஆற்றோர மாவு மில்லில் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஊர் கூடி ஒரு முடிவு செய்தது. சிப்பாய்கள் போகும்வரை மேட்டில் நெருப்பு கிடையாது, நவ்ரோஸே வந்தாலும் கிடையாது. அவர்கள் போனபிறகு ரஷோ ஏற்றுவான். அதைப் பார்த்துவிட்டுப் பையன்கள் இறங்கி வரலாம்.

ரஷோ வீட்டு நெருப்புக்கு ஓர் அடையாளம் உண்டு. தீ நன்றாகப் பிடித்ததும் அதன் முன்னால் நனைத்த கம்பளியைத் தூக்கிப் பிடித்து, மூன்று முறை மறைத்துத் திறப்பார்கள். நவ்ரோஸ் கதையில் வரும் கொல்லன் காவா கொடுங்கோலனை மூன்று அடியில் வீழ்த்தினான் என்று அந்த வீட்டில் ஒரு நம்பிக்கை.

போன நவ்ரோஸுக்கு முந்தின அந்தியில், சிப்பாய்கள் இன்னும் மில்லில் இருந்தபோதே மேட்டில் நெருப்பு எரிந்தது. மூன்று முறை மறைந்து திறந்தது. ஐந்து பேரும் இறங்கி ஓடிவந்தார்கள். நான்கு பேர் தப்பினார்கள். பிரோ மாட்டிக்கொண்டான். அவன் எங்கே இருக்கிறான் என்று இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

அந்த நெருப்பைச் சிப்பாய்கள்தான் ஏற்றினார்கள் என்று ஊர் முடிவு கட்டியது. அவர்களுக்கு அடையாளம் எப்படித் தெரிந்தது? இரண்டு நாள் முன்னால் பிரோ மாவுக்காக மில் பக்கம் இறங்கியிருந்தான். அவன்தான் உளறியிருப்பான். இதை யாரும் கெவேயிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நான்கு வார்த்தை கேட்டிருப்பாள். அவள் ஊர்ப் பொதுத் தந்தூர் அடுப்புக்கு ரொட்டி சுட மாவோடு வரும்போது மற்றப் பெண்கள் ரொட்டியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், அவ்வளவுதான். நாளாக ஆக, அவளும் எல்லாரும் போனபிறகே வர ஆரம்பித்தாள்.

“அக்கா என்ன சொன்னாங்க தெரியுமா செய்தா?” என்றான் ரஷோ.

“என்ன?”

“என் கட்டை எல்லாக் கட்டுக்கும் அடியில வெச்சுடு தம்பி, யார் கண்ணுலேயும் பட வேண்டாம்னாங்க.”

செய்தா கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“செய்தா, நவ்ரோஸ் எப்படி வந்தது?”

“வருஷா வருஷம் ஏத்தறவர் நீங்க. என்கிட்டக் கேக்கறீங்களே?”

“எனக்குக் கொல்லனையும் சுத்தியலையும்தான் தெரியும். நீங்க சொல்லுங்க.”

செய்தா வாசற்படியில் உட்கார்ந்தார். ரஷோ நின்றுகொண்டே கேட்டான்.

“ஒரு ராஜா இருந்தான். அவனோட ரெண்டு தோள்லேயும் பாம்பு முளைச்சுது. அதுங்களுக்குத் தினம் ரெண்டு இளவட்டங்களோட மூளை வேணும். அரண்மனைச் சமையல்காரனுக்கு மனசு கேக்கலை. ரெண்டு பேருல ஒருத்தனை ரகசியமா மலைக்கு அனுப்பிட்டு, அவனுக்குப் பதிலா ஆட்டு மூளையைக் கலந்து வெச்சான். அப்படித் தப்பிச்சவங்க மலையில பெருகினாங்க. அவங்கதான் நாம. கொல்லன் காவாவோட பிள்ளைகள் ஒவ்வொருத்தரா பாம்புக்குப் போனாங்க. கடைசிப் பிள்ளையைக் கேட்டப்போ காவா சுத்தியலோட அரண்மனைக்குள்ள போனான். ராஜா செத்தான்னு மலையில இருக்கறவங்களுக்குச் சொல்ல, மேட்டுல தீ மூட்டினான். ஒளிஞ்சிருந்தவங்க இறங்கி வந்தாங்க. அந்த நாள் நவ்ரோஸ்.”

“சமையல்காரன் என்ன ஆனான்?”

“இத்தனை வருஷத்துல யாரும் இதைக் கேட்டதில்லை. எல்லாரும் சுத்தியலோட எடையைத்தான் கேப்பாங்க.”

“பையன்கள் இறங்கி வந்தப்போ தாய்மார் எல்லாரும் ஓடியிருப்பாங்க இல்லையா செய்தா?”

“ஓடியிருப்பாங்க.”

“வராத பையனோட தாய், சமையல்காரன்கிட்டத்தானே போயிருப்பா?”

“அவன்கிட்டத்தான் போகணும். வேற யாருக்குத் தெரியும்?”

“அவன் என்ன சொன்னான்?”

“கதையில இல்லை. நீங்க அவனா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

“நான் எப்படி அவனாக முடியும்? அவன் பாதிப் பேரையாவது காப்பாத்தினான்.” ரஷோ தோளிலிருந்த கட்டை இறுக்கிப் பிடித்தான். “போன வருஷம் அந்த நெருப்பை ஏத்தினது நான்தான் செய்தா.”

சொன்னபிறகுதான் அவன் கட்டைக் கீழே வைத்தான். செய்தாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் கட்டின் முடிச்சைப் பார்த்தபடியே பேசினான்.

“எதிர் மேட்டு ஊர்க்காரங்க ஏத்திட்டாங்க. நம்ம மேடு இருட்டா கிடந்தது. எங்க அப்பா காலத்துலேயும் சரி, தாத்தா காலத்துலேயும் சரி, அது இருட்டா கிடந்ததே இல்லை. சின்னதா ஒண்ணு ஏத்திட்டு உடனே அணைச்சுடலாம்னு நெனச்சேன். தீ பிடிச்சதும் கை தானா கம்பளியைத் தூக்கிடுச்சு. மூணாவது தடவை திறக்கும்போதுதான் என்ன செஞ்சேன்னு உறைச்சுது.”

“அப்புறம்?”

“ஓடிட்டேன். காலையில சிப்பாய்ங்க வேலைன்னு ஊர் பேசிச்சு. நானும் தலையை ஆட்டினேன். பிரோதான் உளறினான்னு சொன்னாங்க. அதுக்கும் ஆட்டினேன்.”

செய்தா கூரையை நிமிர்ந்து பார்த்தார். ரஷோ திட்டுக்காகக் காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

“அன்னைக்கு நான் இந்தக் கூரைமேலதான் நின்னேன். நீங்க தீச்சட்டியோட ஏறினதைப் பார்த்தேன்.”

ரஷோவுக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை.

“பார்த்தீங்களா?”

“பார்த்தேன். கூப்பிட்டிருந்தா உங்க காதுல விழுந்திருக்கும். நான் கூப்பிடலை. எனக்கும் எதிர் மேட்டைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிஞ்சுக்கிட்டு இருந்தது. நம்ம நெருப்பு பிடிச்சப்போ சந்தோஷமா இருந்தது அண்ணா.”

“ஏன் ஒரு வருஷமா சொல்லலை?”

“நீங்களே சொல்வீங்கன்னு முதல்ல காத்திருந்தேன். அப்புறம் நீங்க பாடம் கேக்க வந்தீங்க. பள்ளிக்கு விறகு வெட்டிப் போட்டீங்க. அந்த விறகுல குளிர்காய்ஞ்சுக்கிட்டு எப்படிச் சொல்றது? கெவே அக்கா தந்தூருக்குத் தனியா போறதை இந்தக் கூரையிலிருந்து தினம் பார்ப்பேன். பார்த்துட்டு உள்ளே போய்ப் பொய் பேசாதேன்னு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவேன்.”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசி, இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். கூரை ஓரத்திலிருந்து பனிநீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“இப்பவே போய் அக்கா கால்ல விழுந்துடறேன்” என்றான் ரஷோ.

“வீட்டுக்குள்ளேயா?”

“ஆமா.”

“அவங்க தலைகுனிஞ்சது ஊர் நடுவுல. நீங்க மட்டும் கதவைச் சாத்திக்கிட்டு மன்னிப்புக் கேப்பீங்களா?”

ரஷோ கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

அந்திக்கு ஊர் முழுக்க மேட்டில் கூடிவிட்டது. சிப்பாய்கள் அறுவடைக் காலத்திலேயே போய்விட்டதால் யாருக்கும் பயம் இல்லை. பெண்கள் மினுங்கும் உடைகளில் வந்திருந்தார்கள். ஆண்கள் சுண்டுவிரல் கோத்து ஆட வரிசை பிடித்துக்கொண்டிருந்தார்கள். கெவே வரவில்லை. அவள் வராததை யாரும் பேசவில்லை.

ரஷோ விறகுக் குவியலின் முன்னால் நின்றான். கையில் நனைத்த கம்பளி இருந்தது. அதைத் தூக்காமல் பேசினான். பள்ளி வாசலில் செய்தாவிடம் சொன்னதையே சொன்னான். ஒரு வார்த்தையைக்கூடக் குறைக்கவில்லை. பாதியில் குரல் உடைந்தது. தண்ணீர் கொடுக்க யாரும் வரவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

“நான் அவரைப் பார்த்தேன். பார்த்துட்டுச் சும்மா இருந்தேன்” என்றார் செய்தா.

“செய்தா, நீங்களுமா?” என்று ஊர்த் தலைவர் கேட்டார்.

“நானும்தான்.”

குகையில் பிரோவோடு ஒளிந்திருந்த ஒருவன் முன்னால் வந்தான். அடிக்கப் போகிறான் என்று ரஷோ கண்ணை மூடிக்கொண்டான். அவன் கம்பளியை மட்டும் ரஷோவின் கையிலிருந்து பிடுங்கிக் கீழே போட்டான். பிறகு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

“பிரோ உளறியிருப்பான்னு முதல்ல சொன்னவன் நான்தான். கால் தடுக்கி விழுந்த என்னைத் தூக்கிவிட நின்னதாலதான் அவன் மாட்டினான். அதை நான் யார்கிட்டேயும் சொல்லலை” என்றான்.

ஆட நின்ற வரிசை எப்போது கலைந்தது என்று தெரியவில்லை. முதலில் ஒரு பெண் கீழே இறங்கினாள். தந்தூரில் கெவேயைக் கண்டதும் ரொட்டியைச் சுருட்டியவள் அவள். பின்னாலேயே இன்னும் நான்கு பேர் போனார்கள். கொஞ்ச நேரத்தில் பெண்கள் எல்லாரும் இறங்கி, கெவே வீட்டு வாசலில் நின்றார்கள். கதவைத் தட்டுவதும் கூப்பிடுவதும் மேடுவரை கேட்டது. கதவு திறக்கவில்லை.

எதிர் மேட்டில் நெருப்பு எழுந்தது. அங்கே மேளம் கொட்டினார்கள். இந்த மேட்டில் ஆண்கள் இருட்டில் நின்றார்கள். ஏற்றலாமா என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ரஷோ செய்தாவின் அருகில் வந்து மெதுவாகக் கேட்டான்.

“அக்கா கதவைத் திறக்கலைன்னா என்ன செய்யறது செய்தா?”

செய்தா கீழே அந்த வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அப்படின்னா நமக்கு இன்னும் பழைய வருஷம்தான் அண்ணா.”