வாசலில் நின்ற கீழ்நாட்டுக் குடம்

முடிசூட்டு நாளில் அரசர் தலையில் நீர் ஊற்றுவது உடம்பு அழுக்குப் போகத்தான் என்று பலரும் நம்புகிறார்கள். இந்தப் பிழையால் எத்தனை தலைமுறைகள் கெட்டனவோ! அந்த நீர் ஓர் ஒப்பந்தம். நம்பாதவர்கள் கேளுங்கள்.

முன்னொரு காலத்தில் மேல்நாட்டையும் கீழ்நாட்டையும் சேர்த்துக் கோச்சாத்தன் என்ற அரசன் ஆண்டுவந்தான். ஆண்டுதோறும் முடிசூட்டு நாளில் இரண்டு நாட்டு ஆற்று நீரும் அவன் தலையில் விழ வேண்டும். "ஒரு நாட்டுச் சரக்குக்கு மற்ற நாடு வாசலை அடைக்காது" என்று அவன் உறுதி சொல்ல வேண்டும். அப்போதுதான் அவன் இரண்டுக்கும் அரசன். கள்ளுக்கடையை எப்போது திறப்பது, யாருக்கு விற்பது என்பதெல்லாம் அந்தந்த நாட்டின் பாடு.

மேல்நாட்டுத் தலைவன் சேந்தனுக்குச் சொந்தமாகக் கள்ளுக்கடைகள் இருந்தன. அவன் கள்ளில் தண்ணீர் அதிகம். கீழ்நாட்டுக் கள் வியாபாரி எயினி மேல்நாட்டுக்கு வண்டியில் கொண்டுவந்த கள்ளில் நுரை அதிகம். கூட்டம் அவள் பக்கம் சாய்ந்தது.

சேந்தன் அரசனிடம் ஓடினான். "மன்னா, கீழ்நாட்டுக் கள் நம் மக்கள் உடம்புக்கு ஆகாது."

சொக்கட்டானில் தோற்றுக்கொண்டிருந்த அரசன் தலையைக்கூடத் தூக்கவில்லை. "கீழ்நாட்டிலிருந்து எந்தக் குடம் வந்தாலும் ஊர் வாசலிலேயே நிறுத்து. போ!"

எயினி அமைச்சர் நன்னாகனிடம் வந்து நின்றாள். "ஐயா, கள்ளு ஒரு ராத்திரி தங்கினா புளிச்சுப்போகும். வண்டி வண்டியா மண்ணுல கொட்டுறேன். இப்படியே போனா தோப்புக் குத்தகை கையை விட்டுப் போயிடும்."

முடிசூட்டு நாள் நெருங்குவதை நினைத்ததும் நன்னாகனுக்கு மீசைக்குள் சிரிப்பு வந்தது. "அழாதே அம்மா. அரசர் ஆணையை ஓர் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றப் போகிறேன்."

அந்த நாளும் வந்தது. மேல்நாட்டு நீரை ஊற்றியாயிற்று. ஈர வேட்டியோடு மணையில் உட்கார்ந்து நடுங்கிய அரசன், "கீழ்நாட்டு நீர் எங்கே?" என்று கத்தினான்.

"வாசலில் நிற்கிறது மன்னா. கீழ்நாட்டுக் குடம் அல்லவா?" என்றார் நன்னாகன்.

"அட மடையர்களா!" என்று துள்ளினான் சேந்தன். "அது கள் இல்லை, தண்ணீர்!"

"தலைவரே, உங்கள் கடையில் குடித்துப் பழகிய காவலர்கள். அவர்களுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?"

அவை சிரிப்பில் குலுங்கியது. நன்னாகன் அரசன் பக்கம் திரும்பினார். "நல்ல நேரம் முடிவதற்குள் அந்த நீர் விழாவிட்டால், தாங்கள் மேல்நாட்டுக்கு மட்டும்தான் அரசர்."

அரசனுக்குக் குளிர் மறந்துபோனது. "ஆணையைக் கிழித்துப் போடு!"

"அப்படியானால் மக்கள் உடம்பு?" என்று முனகினான் சேந்தன்.

"கள் கெடுதல் என்றால் தாராளமாகத் தடுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் இரண்டு நாட்டுக் கள்ளுக்கும் ஒரே சட்டம். முதலில் உங்கள் கடைகளைப் பூட்டலாமா?" என்று கேட்டார் நன்னாகன்.

சேந்தன் அவசரமாகக் குறுக்கிட்டான். "அளவாகக் குடித்தால்... அப்படியொன்றும் கெடுதல் இல்லை."

அரசன் வாய்விட்டுச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி நன்னாகன் கழுத்தில் போட்டான். "சேந்தா, அந்தக் குடத்தை நீயே தலையில் தூக்கி வா!"

தலைவன் குடம் சுமந்து முன்னே வர, எயினியின் வண்டிகள் மணி குலுங்க அவன் பின்னால் ஊருக்குள் நுழைந்தன.

மறுநாள் முதல் சேந்தன் கடைக் கள்ளிலும் நுரை இருந்தது.