ஓடத்துறையில் ஒரு ‘மாட்டேன்’

அந்தக் காலத்திலே செங்கரை நாட்டை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ராஜா என்றால் கொஞ்சம் கோணல் புத்தி இருக்கத்தான் செய்யும். இவனுக்கு அது தாராளமாகவே இருந்தது. அவன் முன்னால் ‘மாட்டேன்’ என்று சொன்னவன் தலை தப்பாது.

ஓர் ஆடி மாதம் ஆறு கரைபுரண்டு ஓடியது. அக்கரைக் கோயில் திருவிழாவுக்குப் போகச் சனங்கள் துறையில் காத்துக் கிடந்தார்கள். ஓடத்தை விடு என்றான் ராஜா. விட்டார்கள். நடு ஆற்றில் கவிழ்ந்தது. சொல்லவே நாக்கு கூசுகிறது, பிள்ளைகுட்டியோடு ஏறியவர்களில் ஒருவர்கூடக் கரை சேரவில்லை. ஓடக்காரனும் சேரவில்லை.

அதற்குப் பிறகு துறையில் ஈ காக்கை இல்லை. ஓடக்காரர்களில் பாதிப் பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். துறையைக் கவனித்துவந்த தாண்டவராயரை நீக்கிவிட்டு, காத்தப்பர் என்ற மந்திரியை ராஜா அங்கே தலைவராகப் போட்டான். இன்னொரு ஓடம் கவிழ்ந்தால் உமது தலை இருக்காது என்றும் சொல்லி அனுப்பினான்.

காத்தப்பர் மிச்சமிருந்த ஓடக்காரர்களைக் கூட்டி உட்காரவைத்தார். ஆற்றைப் பார்த்து, போகலாமா கூடாதா என்று முடிவுசெய்வது இனித் துடுப்புப் பிடிக்கிறவன்தான். யார் வந்து சொன்னாலும் மாட்டேன் என்று சொல்லலாம். அதனால் வரும் தண்டனை தன்னுடையது என்றார். முதலில் யாரும் நம்பவில்லை. ஒருவன் பயந்து பயந்து ‘மாட்டேன்’ என்று சொல்லிப் பார்த்தான். காத்தப்பர் தலையாட்டிவிட்டுப் போனார். மெல்ல மெல்லச் சனங்கள் துறைக்குத் திரும்பினார்கள்.

பதவி போன தாண்டவராயருக்கு வயிறு எரிந்தது. வேலைக்காரனுக்கு எதிர்த்துப் பேசக் கற்றுக்கொடுக்கிறார்கள், நாளைக்கு இந்தச் சொல் அரண்மனைக்குள்ளும் வரும் என்று ராஜாவின் காதைக் கடித்தார். ஐப்பசி வெள்ளம் வந்ததும் அவனைத் துறைக்கே அழைத்துவந்தார். இந்த வெள்ளத்தில் தாராளமாகப் போகலாம் என்றும் சொன்னார்.

“என்னை அக்கரைக்குக் கொண்டுபோ” என்றான் ராஜா.

அன்றைக்கு ஓடம் ஓட்டும் முறை கருத்தானுடையது. ஆடியில் மூழ்கிய ஓடத்தை ஓட்டியவன் அவன் கூடப்பிறந்த அண்ணன். துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, “மாட்டேன் சாமி” என்றான்.

ராஜா வாளை உருவினான். காத்தப்பர் குறுக்கே வந்து கும்பிட்டார்.

“வெட்டுங்கள் மகாராஜா, இவனோடு என்னையும். ஆனால் தங்கள் கட்டளை வீணாகப் போகக் கூடாது. வெள்ளத்தில் போகலாம் என்று தாண்டவராயர்தானே சொல்கிறார்? அவரே ஓடத்தை ஓட்டிப் போய்த் திரும்பட்டும். அதுவரை எங்கள் தலைகள் எங்கே போய்விடும்?”

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. கையைக் காட்டினான். தாண்டவராயர் ஒரு காலை ஓடத்தில் வைத்தார். அது ஓர் ஆட்டம் ஆடியது. காலை எடுத்துக்கொண்டார். ராஜா மறுபடி கையைக் காட்டினான்.

“மாட்டேன் மகாராஜா” என்றார் தாண்டவராயர், அழுதுகொண்டே.

ராஜா வாளைத் தாழ்த்தினான். “ஆடியிலும் ஓடம் தாங்காது என்று உமக்குத் தெரியுமா?”

“தெரியும். அன்றைக்குக் கரையில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.”

ராஜா வாளை உறையில் போட்டான். தாண்டவராயரின் பட்டத்தைப் பறித்து, துறையில் சேறு அள்ளவிட்டான். காத்தப்பர் சொன்னதே இனித் துறைக்குச் சட்டம் என்றான். தன் முத்துமாலையைக் கழற்றிக் கருத்தானிடம் நீட்டினான்.

கருத்தான் கை நீட்டவில்லை. “சாமி, எங்கண்ணன் அன்னிக்கு மாட்டேன்னு சொல்லியிருந்தா வெட்டியிருப்பீங்களா?”

ராஜா நீட்டிய மாலையைக் கீழே இறக்கினான். “வெட்டியிருப்பேன்” என்றான்.

“அப்ப அன்னிக்குச் சாவு ஒரு தலையோட போயிருக்கும்” என்று சொல்லிவிட்டு, கருத்தான் ஓடத்தை இழுத்துக் கட்டப் போனான்.