ஏழெட்டுப்பனைக்காரர்கள் நம்பிக்கையைப் பிடித்த கதை

திருநெல்வேலிக்குத் தெற்கே ஏழெட்டுப்பனை என்று ஒரு ஊர். எல்லையில் நிற்கும் பனைகளை எண்ணப் போனவர்கள் ஏழா எட்டா என்று அடித்துக்கொண்டு, கடைசியில் சமாதானமாகி வைத்த பெயர். எல்லாரும் நல்லவர்கள். யார் எது சொன்னாலும் சொன்னபடியே செய்கிறவர்கள். அதுதான் சிக்கல்.

நாடாளுமன்றத் தேர்தல் முடிந்து புது அரசாங்கம் வந்த சமயம். இனி நாடு உருப்படுமா, உருப்படாதா என்று உச்சிமாகாளியின் டீக்கடையில் விடிந்ததிலிருந்து வாக்குவாதம். உருப்படும் என்றவர் ஆவுடையப்பன். ஊரில் எந்தப் பேச்சிலும் கடைசி வார்த்தை அவருடையதுதான், ஏனென்றால் அவர் நிறுத்தவே மாட்டார். உருப்படாது என்றவன் வாழைத்தோட்டக்காரன் நம்பி. அவன் ஓட்டுப் போட்ட சீப்புச் சின்னம் தோற்றுப்போயிருந்தது.

"அவ்வளவுதான் அண்ணாச்சி. நாட்டையே வித்துருவானுவ."

"யாருல வாங்குவா?" என்றார் ஆவுடையப்பன்.

அந்த நேரம் பார்த்து ஜெயித்த எம்.பி. நன்றி சொல்ல ஜீப்பில் வந்தார். நின்றபடியே பேசினார்.

"மக்களே! நாட்டோட எதிர்காலம் பிரமாதமா இருக்கப்போகுது! நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். நம்பிக்கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. என்ன ஆனாலும் விட்டுராதீங்க!"

ஜீப் கிளப்பிய புழுதி அடங்கும்போது ஊர் மொத்தமும் நம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நம்பி கையையா சொல்லுதாரு?" என்றான் பால்காரன் வண்ணமுத்து.

"பேரைச் சொல்லித்தானவே சொன்னாரு" என்றார் ஆவுடையப்பன். "டெல்லி வரைக்கும் இவன் பேரு போயிருக்கு, நமக்குத்தான் தெரியல."

"என் கையில ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி!" நம்பி இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். வெறும் ரேகைதான் இருந்தது.

"அதுதாம்ல எதிர்காலம்" என்று பாய்ந்து பிடித்தார் ஆவுடையப்பன்.

எந்தக் கையைப் பிடிப்பது என்று அடுத்த பிரச்சினை. எம்.பி.யின் கட்சி இடதுசாரியா, வலதுசாரியா என்று விசாரித்தார்கள். ரெண்டும் இல்லை, நடுவில் இருக்கிற கட்சி என்றான் உச்சிமாகாளி.

"நடுவுலன்னா கழுத்தைல்லா பிடிக்கணும்?" என்று வண்ணமுத்து கிட்டே வந்தான்.

"கையையே பிடிங்கவே! ரெண்டையும் பிடிங்க!" என்று நம்பி தானாகவே நீட்டிவிட்டான்.

அன்றிலிருந்து முறை வைத்துப் பிடித்தார்கள். நம்பி குளித்தால் பிடித்தவர்களும் நனைந்தார்கள். சோற்றை யாராவது ஊட்டிவிட்டார்கள். பெண்டாட்டி பிரமு வந்து, "என் புருசன் கைதானே, வீட்டுல வச்சு நானே பிடிச்சுக்கிடுதேன்" என்று கேட்டுப் பார்த்தாள்.

ஆவுடையப்பன் வருத்தத்தோடு மறுத்தார். "நீ மட்டும் பிடிச்சா அது குடும்ப ஆட்சி தாயி. ஜனநாயகத்துல எல்லாரும் பிடிக்கணும்."

தோட்டத்தில் வாழைத்தார்கள் வெட்ட ஆளில்லாமல் மரத்திலேயே பழுத்தன. வௌவால்கள் குடும்பத்தோடு வந்து தின்றன. நம்பி கெஞ்சினான். நாட்டுக்கு நல்ல காலம் வரட்டும், வாழைக்கு அப்புறம் பார்க்கலாம் என்றார்கள்.

நல்ல காலம் வருவதாகத் தெரியவில்லை. துவரம்பருப்பு விலை ஏறியது. "பிடி தளர்ந்துருக்கு, இறுக்கிப் பிடி" என்றார் ஆவுடையப்பன். பஸ் கட்டணம் ஏறியது. இன்னும் இறுக்கினார்கள். சமையல் கேஸ் விலை ஏறிய அன்று நம்பி போட்ட கூச்சல் பக்கத்து ஊருக்குக் கேட்டது. அந்த ஊர்க்காரர்கள், விலைவாசியை எதிர்த்துப் போராட்டம் நடக்கிறது போல என்று நினைத்துத் தாங்களும் கொஞ்சம் கத்தினார்கள்.

"உருப்படாது, உருப்படாது, இந்த நாடு உருப்படவே உருப்படாது" என்று அழுதான் நம்பி. விரல்கள் நேந்திரம்பழம் மாதிரி வீங்கியிருந்தன.

இப்படி இருக்கும்போதுதான் டீக்கடை டிவியில் அந்தச் செய்தி வந்தது. "அரசுக்கு எதிராக நம்பிக்கை இல்லாத் தீர்மானம். எதிர்க்கட்சி கொண்டுவருகிறது. நாளை வாக்கெடுப்பு."

உச்சிமாகாளி ஆற்றிக்கொண்டிருந்த டீ கிளாஸைத் தாண்டிக் கீழே கொட்டியது.

"நம்பி கை இல்லாத் தீர்மானமா?"

"ஆமாவே. நம்பிக்கு இனிமே கை இருக்கக் கூடாதுன்னு தீர்மானம் போடுதானுவ" என்றார் ஆவுடையப்பன்.

நம்பி வெளிறிப்போனான். "எந்தக் கட்சி?"

"உன் கட்சிதாம்ல. சீப்பு."

"நான் ஓட்டுப் போட்ட கட்சியா? போட்ட கையையே எடுக்கப் பாக்கானுவளே! இந்தக் கையாலதானே அண்ணாச்சி பொத்தானை அமுக்குனேன்!"

ஊர் கூடி யோசித்தது. ஆளை ஒளித்து வைக்கலாம் என்றான் வண்ணமுத்து. தீர்மானம் கைக்குத்தான், ஆளுக்கு இல்லை, அனாவசியமாக முழு ஆளையும் ஏன் ஒளிக்க வேண்டும் என்றார் ஆவுடையப்பன். எனவே இரண்டு பித்தளைக் குடம் கொண்டுவந்து குடத்துக்கு ஒன்றாக இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, வாயைத் துணியால் கட்டினார்கள். குடத்தின் வாயைத்தான். நம்பியின் வாய் திறந்தே இருந்தது. "அரசாங்கம் வாழ்க! ஆளுங்கட்சி வாழ்க!" என்று அது கத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் எல்லாரும் டிவி முன்னால் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிரமு தாலியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அறிவித்தார்கள்: நம்பிக்கை இல்லாத் தீர்மானம் தோல்வி.

வெடி போட்டார்கள். குடங்களை உருவ முடியாமல் விளக்கெண்ணெய் ஊற்றி இழுத்தார்கள். வெளியே வந்த கைகளைப் பார்த்து நம்பி விம்மினான். "எவ்வளவு பேரு எனக்கு ஓட்டுப் போட்டுருக்காவ! மொகம் தெரியாத ஆளுவ! இந்த நாடு உருப்படும் அண்ணாச்சி. கண்டிப்பா உருப்படும்."

தேர்தலுக்கு அப்புறம் ஏழெட்டுப்பனையில் எல்லாரும் ஒரே கருத்தாக இருந்தது அன்றைக்குத்தான்.

அந்த வாரமே, ஓட்டுப் போட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்த எம்.பி. மறுபடி டெல்லிக்கு ரயில் பிடிக்கப் போகிற வழியில் ஜீப்பை நிறுத்தினார். அரசு தப்பித்த சந்தோஷம் முகத்தில் வழிந்தது. "மக்களே! உங்க நம்பிக்கையை நான் டெல்லிக்கே எடுத்துட்டுப் போறேன்!" என்றார்.

நம்பியை அலாக்காகத் தூக்கி எம்.பி. பக்கத்தில் உட்காரவைத்தார்கள். தொண்டன் யாரோ ஏறுகிறான் என்று டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான்.

பிரமு ஓடிவந்தாள். "எங்க என் புருசன்?"

"டெல்லிக்கு. எம்.பி. கையைக் கேட்டாரு, குடுத்துட்டோம்" என்றார் ஆவுடையப்பன்.

"கையைத்தானே கேட்டாரு? ஆளை எதுக்கு அனுப்புனிய?"

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. அவள் சொல்வது நியாயம். ஊரே ஜீப்பின் பின்னால் ஓடியது. "ஐயா! கையை மட்டும் வச்சுக்கிட்டு ஆளை இறக்கிவிடுங்க! ஆளு எங்களுக்கு வேணும்!"

இத்தனை ஆதரவை எதிர்பார்க்காத எம்.பி. ஜீப்பில் திரும்பி நின்று கும்பிட்டபடியே போனார். நம்பி காதைத் தீட்டிக் கேட்டான். விஷயம் புரிந்தது. ரயில்வே கேட் மூடியிருந்ததால் ஜீப் நின்றது. எம்.பி. உட்கார்ந்தார்.

நம்பி தன் இரண்டு கைகளையும் எடுத்து எம்.பி.யின் மடியில் பத்திரமாக வைத்தான். இறங்கினான். அவை கூடவே வந்துவிட்டன. மறுபடி ஏறி, மடியில் வைத்து, இந்தத் தடவை அவருக்கே தெரியாமல் மெதுவாக இறங்கினான். அப்போதும் வந்துவிட்டன.

நம்பிக்கு வெட்கமாகப் போய்விட்டது. "கோவிச்சுக்கிடாதீங்க ஐயா" என்றான். "புது எடம்லா, போகப் பயப்படுது. நீங்க முன்னால போங்க. நான் ரெண்டு வார்த்தை நல்லபடியாச் சொல்லி, அடுத்த ரயில்ல ஏத்திவிடுதேன்."