குவித்த கை

"இன்னும் எத்தனை வருஷம் தாயி? தீட்சை குடுக்க மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லிடுங்க!"

கத்தியவர் வேதாசலம். வயது அறுபத்துமூன்று. ரிட்டயர்டான வாத்தியார் அல்லவா, மடமே அதிர்ந்தது.

பக்கத்தில் சவரிமுத்து. அவரும் வாத்தியார்தான். ஸ்டாஃப் ரூமில் இருபத்தேழு வருஷம் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

எதிரே உட்கார்ந்திருந்த வடிவம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அந்த மலையடிவாரத்து மடத்துக்கு அவர்தான் குரு.

"எல்லாத்தையும் விட்டுட்டு வரச் சொன்னேனே," என்றார்.

"விட்டாச்சு! சாதிச் சங்கத்துல பேரை வெட்டிட்டேன். பூஜையறையைப் பூட்டிட்டேன். கூடப்பிறந்த தங்கச்சி ரெண்டு வருஷமா என்கூடப் பேசுறதில்ல. இன்னும் என்ன வேணும், என் உசுரா?"

சவரிமுத்துவுக்கும் ஆத்திரம்தான்.

"எங்க மாதா கோயில்ல எங்க சனத்துக்குத் தனிப் பெஞ்சு தாயி. செத்தாக்கூடக் கல்லறை தனி. போங்கடான்னு அதையும் விட்டுட்டுத்தான் வந்தேன். இவரு வேற நான் வேறன்னு இனிமே எவனாவது சொல்லட்டும், பல்லைத் தட்டிடுவேன்."

"வெயில்ல நடந்து வந்திருக்கீங்க. முதல்ல தண்ணி குடிங்க," என்றார் வடிவம்மை.

மூலையில் மண்பானை இருந்தது. வேதாசலம் செம்பில் மொண்டு, அண்ணாந்து, உதடு படாமல் குடித்தார். மறுபடி மொண்டு நண்பர் பக்கம் திரும்பினார். செம்பை உயர்த்தினார்.

சவரிமுத்து குனிந்தார். இரண்டு கைகளையும் குவித்து வாய்க்கு நேரே வைத்தார்.

அவர் ஊற்றினார். இவர் குடித்தார்.

என்ன கொடுமை இது! யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவர் செம்பை நீட்டியிருக்கலாம், இவர் வாங்கியிருக்கலாம். பானைக்குப் பக்கத்திலேயே இரண்டு டம்ளர் வேறு கவிழ்த்து வைத்திருந்தது.

பாதியில் சவரிமுத்து தன் கையைப் பார்த்துவிட்டார். தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகி வேட்டியை நனைத்தது.

"அடச்சீ! டீக்கடை வாசல்ல எங்கப்பன் இப்படித்தானே நின்னான்… அல்ஜீப்ரா சொல்லிக்குடுத்த கைய்யா இது!"

"சவரி, சத்தியமா நான் எதையும் நினைச்சு ஊத்தல. எச்சில் ஆகாதுன்னு எங்கம்மா பழக்கினது…"

"நீ நினைக்கலைய்யா. அதுதான்யா எனக்கு வயித்தெரிச்சல்! நானும் நினைக்காமத்தானே குனிஞ்சேன்?"

செம்பைப் பிடுங்கினார். விளிம்பில் வாயை நன்றாக வைத்துக் குடித்தார். மீதியை நீட்டினார்.

"குடி."

வேதாசலம் வாங்கினார். கை தானாக மேலே போனது. இறக்கினார். மறுபடியும் போனது.

சவரிமுத்து கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேதாசலம் அதே விளிம்பில் வாய் வைத்தார். குமட்டியது. கண்ணில் நீர் வந்துவிட்டது. மல்லுக்கட்டி விழுங்கினார்.

குமட்டியதை நண்பர் பார்த்துவிட்டார். அந்த வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் குருவின் பக்கம் திரும்பினார்.

"குடிச்சிட்டேன் தாயி. இப்பவாவது குடுப்பீங்களா?"

வடிவம்மை செம்பை வாங்கிப் பானையின் மேல் வைத்தார்.

"நாளைக்கும் தாகம் எடுக்கும். ரெண்டு பேரும் வாங்க."