ஃபைல் மறைத்த பாதி

காசநோய்ப் பரிசோதனைக் கூடத்தில் சளி தடவிய ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றி, பார்த்து, முடிவு எழுதுகிறவள் லூர்தம்மாள். சாயம் ஏறிய கிருமி மைக்ராஸ்கோப்பின் நீல வெளிச்சத்தில் மஞ்சளாய் மின்னும். வெயில் பட்டால் மங்கிப்போகும். அதனால் ஸ்லைடுகளை இருட்டுப் பெட்டியில்தான் வைப்பாள்.

ஆய்வுக்கு வந்த பெரிய டாக்டர், செங்கல் சூளையில் வேலை செய்யும் மாடத்தியின் ஸ்லைடை எடுத்து வெயிலடிக்கும் ஜன்னலோரம் வைத்தார். பாதி மறைகிற மாதிரி அதன்மேல் தன் ஃபைலைப் போட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் எல்லாருக்கும் புத்தி சொன்னார். பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

"ஒரு கிருமிகூட இல்லை! நோய் இருக்குன்னு எழுதியிருக்கே? அந்தச் சூளைக்காரி மாடத்தி பேரை அடி. மருந்தை நிறுத்து. நாளையிலேர்ந்து நீயும் வர வேண்டாம்."

வெளியே பெஞ்சில் மாடத்தி இருமினாள்.

"அடிச்சிடறேங்க ஐயா," என்றாள் லூர்தம்மாள். "அதுக்கு முந்தி, உங்க ஃபைல் மூடியிருந்த பாதியையும் ஒரு தரம் பாத்துடுங்க."

அவர் ஸ்லைடை நகர்த்தினார். கோடு கிழித்த மாதிரி ஓரிடத்தில் இருட்டு முடிந்தது. அதற்கு அப்பால் மஞ்சள் கிருமிகள் மொய்த்துக் கிடந்தன.



லூர்தம்மாள் மாடத்தியின் மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஃபைலுக்கு அடியில போய் ஒரு உண்மை பிழைச்சது இன்னிக்குத்தாங்க ஐயா."